மீனுக்கு முன் நீர்: வீட்டுத் தொட்டியில் ஆப்பிரிக்க ஏரி மீன்கள்

பேராக் மாநிலத்தின் செம்பனைத் தோட்டம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தபோது, ஓர் இல்லத்தின் முன்கூடத்தில் நான்கடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியைக் கண்டோம். அதில் வெண்மணல் பரப்பியிருந்தனர், கற்களை அழகுற அடுக்கியிருந்தனர், விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. மீன் மட்டும் ஒன்றுகூட இல்லை.

அவ்வீட்டுத் தலைவர் குலை வெட்டும் தொழிலாளி. தீபாவளிக்கெனச் சேர்த்த பணத்தில் தொட்டியையும், பட்டணத்துக் கடையிலிருந்து மஞ்சளும் நீலமுமான ஆப்பிரிக்க மீன்கள் பன்னிரண்டையும் வாங்கி வந்தார். குழாய் நீரை ஒருநாள் தொட்டியில் நிறுத்தி வைத்து, மறுநாள் மாலை மீன்களை விட்டார். பிள்ளைகள் மகிழ்ந்து வேளைக்கு வேளை இரை போட்டனர். நான்காம் நாள் ஒரு மீன் இறந்து மிதந்தது. பத்தாம் நாள் கடைசி மீனும் போயிற்று.

"ஊரே வந்து பார்த்துச்சுங்க, கண்ணு பட்டிருச்சு" என்றார் பாட்டி. ஆறாம் ஆண்டில் பயிலும் பேரனோ, "தண்ணி தெளிவாத்தான் சார் இருந்துச்சு. அப்புறம் ஏன் செத்துச்சு?" என்று நம்மைக் கேட்டான்.

அச்சிறுவன் கேட்டதே சரியான கேள்வி. தெளிந்த நீரெல்லாம் நல்ல நீராகிவிடாது என்பதே அதற்குரிய விடை. மீன் வளர்க்க விரும்புவோர் முதலில் வளர்க்க வேண்டியது நீரையே. நீர் பக்குவமடைந்துவிட்டால் மீன் தானே வாழும். இதனை நன்கு உணர்ந்துகொண்டால் உழைத்துச் சேர்த்த பணமும் வீணாகாது. வாயற்ற உயிர்களும் மாளா. ஆதலின் இவ்விதழில் இதனைச் சற்று விரிவாக விளக்குகின்றோம்.

இம்மீன்களின் தாயகம்

சிக்லிட் என்பது ஒரு பெரிய மீன் குடும்பம். கடைகளில் 'ஆப்பிரிக்க சிக்லிட்' என விற்கப்படும் மீன்களிற் பெரும்பாலானவை கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி, தங்கனீக்கா, விக்டோரியா ஆகிய மூன்று பேரேரிகளைச் சேர்ந்த இனங்கள். தங்கனீக்கா ஏரியின் மிகுந்த ஆழம் ஏறக்குறைய 1,470 மீட்டர். நமது பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். அத்தகைய கோபுரங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அங்கே நிறுத்தினாலும் உச்சி நீருக்குமேல் தெரியாது. மலாவி ஏரியும் சுமார் 700 மீட்டர் ஆழமுடையது. அந்த ஒரே ஏரியில் மட்டும் பல நூறு வகை சிக்லிட் மீன்கள் வாழ்கின்றன.

இக்குடும்பம் நமக்குப் புதியதன்று. ஈயக்குட்டைகளிலும் கால்வாய்களிலும் நாம் தூண்டிலிட்டுப் பிடிக்கும் திலாப்பியாவும் ஆப்பிரிக்க சிக்லிட் மீனே. தென்கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மொசாம்பிக் திலாப்பியா, 1939ஆம் ஆண்டளவில் ஜாவாவில் தென்பட்டது; ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அங்கிருந்து மலாயாவுக்கு வந்தது. திலாப்பியா எத்தகைய நீரிலும் பிழைத்துக்கொள்ளும். அதன் உறவினராகிய ஏரி மீன்கள் அவ்வாறு பிழைப்பதில்லை. பன்னெடுங்காலமாக மாறுதல் குறைந்த நீரில் வாழ்ந்து பழகிய அவற்றுக்கு நீரின் தன்மை திடீரென மாறுவதே பெரும்பகை.

தொட்டியும் அதன் இடமும்

மலாவி ஏரியின் பாறைப் பகுதிகளில் வாழும் சிறு மீன்களை அவ்வட்டார மக்கள் 'எம்பூனா' என்று அழைக்கின்றனர். மஞ்சள், நீலம், ஆரஞ்சு எனக் கடல் மீன்களைப் போல ஒளிரும் இவையே தொடக்க நிலையினருக்கு ஏற்றவை. எனினும் இவை தத்தம் இடத்தைக் காக்கப் போரிடும் இயல்பின. குறுகிய தொட்டியில் வலிய மீன் எளிய மீனைத் துரத்தியே கொன்றுவிடும். ஆதலால் தொட்டி நான்கடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உடையதாக இருத்தல் நலம். இத்தொட்டி ஏறக்குறைய 250 லிட்டர் நீரைக் கொள்ளும்.

நீரின் எடை மட்டுமே 250 கிலோ. கண்ணாடி, கல், மணல் ஆகியவற்றையும் சேர்த்தால் 300 கிலோவைத் தாண்டிவிடும். எனவே பலகைத் தளத்தின்மீது இதனை வைத்தலாகாது. சிமெந்துத் தரையில், சமமட்டமான உறுதியான தாங்கியின்மேல் வைத்தல் வேண்டும். நேர்வெயில் படும் சன்னலோரமும் ஆகாது. வெயிலில் நீர் சூடேறுவதோடு பாசியும் மண்டும்.

மின்சாரத்தில் மிகுந்த கவனம் தேவை. தொட்டிக்குள் கை விடுமுன் எல்லாச் சாதனங்களின் இணைப்பையும் துண்டித்துவிட வேண்டும். மின்கம்பி வழியே நீர்த்துளி வழிந்து சுவரிலுள்ள இணைப்பானுக்குள் புகாதவாறு, கம்பி முதலில் கீழே தாழ்ந்து பின்னர் மேலேறும்படி அமைத்தல் வேண்டும்.

நமது சமவெளிப் பகுதிகளில் நீரைச் சூடாக்கும் கருவி பொதுவாகத் தேவைப்படாது. இம்மீன்களுக்கு ஏற்ற வெப்பநிலை 24 முதல் 28 பாகை செல்சியஸ். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு மட்டும் இரவுக் குளிரின் பொருட்டு அக்கருவி வேண்டியிருக்கும். சமவெளியில் நாம் அஞ்ச வேண்டியது நண்பகல் வெப்பத்தையே. சூடான நீரில் உயிர்வளி குறைவு. ஆகவே காற்றுக் குமிழி எழுப்பும் பம்பு எப்போதும் இயங்குதல் வேண்டும்.

கல்லும் மணலும் நீரின் தன்மையும்

ஆப்பிரிக்க ஏரி நீர் சுண்ணச் சத்தும் காரத்தன்மையும் கொண்டது. மலாவி ஏரி நீரின் பி.எச். அளவு 7.7 முதல் 8.6 வரை, தங்கனீக்கா நீர் அதனினும் காரமானது. நம் நாட்டு மழைநீரும் ஓடைநீரும் பெரும்பாலும் மென்னீராகவும் சற்றே அமிலத்தன்மை உடையனவாகவும் இருப்பதால், நீரை மீனுக்கேற்பப் பக்குவப்படுத்துதல் அவசியமாகிறது.

இதற்கு எளிய வழி உண்டு. கடைகளில் விற்கப்படும் நொறுங்கிய பவளக் கல்லை மணலோடு கலந்தோ, வடிகட்டிக்குள் ஒரு வலைப்பையிலோ இட்டால், அது மெல்ல மெல்லக் கரைந்து சுண்ணச் சத்தைத் தரும். அலங்காரத்திற்குச் சுண்ணாம்புக் கற்களும் ஏற்றவை. ஒரு கல் அத்தகையதுதானா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். கல்லின்மேல் சில துளி வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணம் உண்டு. இச்சோதனையைப் பிள்ளைகளைக்கொண்டே செய்விக்கலாம். பள்ளியில் படிக்கும் அறிவியல் பாடம் மனத்திற் பதியும்.

நீர் மேலும் மென்மையாக இருப்பின், மாற்றி ஊற்றும் புதுநீரில் 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் ஆப்ப சோடாவைக் கரைத்துச் சேர்க்கலாம். ஆயின் மீன் இருக்கும் தொட்டியில் நேராகக் கொட்டி ஒரே நாளில் பி.எச். அளவை உயர்த்தக்கூடாது. காய்ந்த கெத்தாப்பாங் இலைகளையும் மரக்கட்டைகளையும் இத்தொட்டியில் இடவேண்டா. சண்டை மீனுக்கு நன்மை தரும் அவை நீரை அமிலமாக்கும். ஏரி மீனுக்கு ஒவ்வா.

எம்பூனா மீன்கள் மணலைத் தோண்டும் பழக்கமுடையவை. மணல்மேல் கல்லை அடுக்கினால் அடி சரிந்து கல் விழும்; கண்ணாடியும் உடையும். ஆதலின் முதலில் தொட்டியின் அடியில் ஒரு நெகிழித் தட்டியைப் பரப்பி, அதன்மேல் கற்களை அசையாதவாறு அடுக்கி, அதற்குப் பின்னரே மணலைப் போட வேண்டும். மீன்கள் ஒளிந்துகொள்ளப் பல பொந்துகள் அமையுமாறு அடுக்குதல் நலம்.

கண்ணுக்குப் புலப்படாத வேலையாட்கள்

இனி, அச்சிறுவனின் கேள்விக்கு வருவோம். மீன் சுவாசிக்கும்போதும் கழிக்கும்போதும் அமோனியா என்னும் நச்சுப் பொருளை வெளிவிடுகிறது. மிஞ்சிய இரை அழுகும்போதும் அதுவே உண்டாகிறது. நீரில் கரைந்திருக்கும் அமோனியா நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீர் பளிங்குபோல் இருக்கும்போதே மீன் செவுள் எரிந்து சாகும்.

இயற்கை இதற்கு ஒரு மாற்று வைத்துள்ளது. ஒருவகை நுண்ணுயிர்கள் அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் நச்சே. வேறொரு வகை நுண்ணுயிர்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இது கேடு குறைந்தது. நீர் மாற்றும்போது வெளியேறிவிடும். இந்நுண்ணுயிர்கள் வடிகட்டியின் பஞ்சிலும் கல்லிலும் மணலிலும் ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் இவை இரா. போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அத்தோட்டத்து நண்பர் மறுநாளே மீன்களை விட்டார். கழிவைத் தூய்மையாக்க அங்கே யாருமே இல்லை. மீன்கள் தம் கழிவிலேயே நஞ்சுண்டு மாண்டன.

ஆப்பிரிக்க மீன் வளர்ப்போர் மற்றொன்றையும் அறிதல் வேண்டும். நீரின் காரத்தன்மை கூடக்கூட அமோனியாவின் கொடுமையும் கூடும். 25 பாகை வெப்பத்தில், பி.எச். 7 உடைய நீரில், மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கொடிய நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது ஐந்து பங்கைத் தாண்டிவிடும். வேறு மீன் தாங்கிக்கொள்ளும் அழுக்கை இம்மீன் தாங்காமைக்கு இதுவே காரணம்.

ஆகவே செய்யவேண்டியது யாது? தொட்டியை நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, மீன் இல்லாமலேயே நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் இரையைப் போட்டு வாருங்கள். அது அழுகி அமோனியாவை உண்டாக்கும். அதனை உண்டு நுண்ணுயிர் பெருகும். அமோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதிக்கும் துளிமருந்து மீன் கடைகளில் கிடைக்கும். முதலில் இவ்விரண்டும் ஏறும், பின்னர் இறங்கும். இரண்டும் சுழியத்திற்கு வந்து அங்கேயே நிலைத்து நின்றால் நீர் பக்குவமாகிவிட்டது எனலாம். நோயற்ற பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து சிறிது வடிகட்டிப் பஞ்சைப் பெற்று நம் வடிகட்டியில் வைத்தால் காத்திருக்கும் காலம் குறையும்.

மீன் தேர்வும் வரவேற்பும்

முதன்முதலாக வளர்ப்போர் 'எல்லோ லேப்' எனப்படும் மஞ்சள் நிற எம்பூனாவைத் தேர்ந்தெடுக்கலாம். எம்பூனா இனத்துள் ஓரளவு சாந்தமானது இதுவே. 'அவ்ராட்டஸ்' எனப்படும் கோடு போட்ட மீன் குட்டியாக இருக்கும்போது கண்ணைக் கவரும். வளர்ந்ததும் தொட்டியையே போர்க்களமாக்கும். அதனைத் தவிர்ப்பது அறிவுடைமை.

நாம் மேலே கூறிய தொட்டியில் பதினைந்து மீன்வரை வளர்க்கலாம். இரண்டு, மூன்று மீன் மட்டும் விட்டால் வலியது ஒன்றையே குறிவைத்துத் தாக்கும். பல மீன் இருப்பின் அதன் சினம் பலவற்றின்மேல் சிதறிப்போகும். ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் இருத்தல் நன்று. முதலில் பாதி மீன்களை விட்டு, இரண்டு வாரம் நீரைச் சோதித்து, பின்னர் எஞ்சியவற்றை விடுங்கள். புது மீன் விடும் நாளில் கற்களை மாற்றி அடுக்கினால், பழைய மீன்கள் தம் எல்லையை மறந்து புதியவற்றோடு சமமாகும்.

கடையிலிருந்து கொண்டுவரும் பையை இருபது நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, பின் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, அரை மணி நேரம் கழித்து மீனை மட்டும் எடுத்து விடுங்கள். தங்க மீன், கப்பி முதலியவற்றை இவற்றோடு சேர்த்து வளர்க்கவேண்டா.

சிறிய இல்லத்தில் பெரிய தொட்டிக்கு இடமில்லையெனில் மனம் தளர வேண்டியதில்லை. தங்கனீக்கா ஏரியில், காலியான நத்தைக் கூட்டையே வீடாகக் கொண்டு வாழும் சிறு சிக்லிட் மீன்கள் உண்டு. ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவாகவே வளரும் அவற்றை 60 லிட்டர் தொட்டியில் கூட்டமாக வளர்க்கலாம். வயல் நத்தையின் காலிக் கூடுகளை நன்கு வேகவைத்துக் கழுவி மணலில் பதித்தால், ஒவ்வொரு மீனும் தனக்கென ஒரு கூட்டைத் தேர்ந்துகொண்டு மணலை அள்ளி ஒழுங்குபடுத்தும் காட்சி சிறுவர்க்குப் பெருவிருந்தாகும்.

இரையும் வாரப் பணியும்

எம்பூனா மீன்கள் பாறையில் படியும் பாசியைச் சுரண்டித் தின்பவை. இவற்றுக்கு இறைச்சியும் புழுவும் மிகுதியாகக் கொடுத்தால் வயிறு ஊதி இறக்கும். சுருள்பாசி கலந்த இரையே தக்கது. அவ்வப்போது வேகவைத்த கங்கோங் கீரையோ, தோலுரித்த பச்சைப் பட்டாணியோ சிறிதளவு கொடுக்கலாம். நாளைக்கு இருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும். மீன் கண்ணாடியருகே வந்து வாய் திறப்பது பசியால் அன்று, பழக்கத்தால். பிள்ளைகளுள் ஒருவரை மட்டும் இரை போடப் பொறுப்பாக்கினால் ஒரே நாளில் நால்வர் போடும் நிலை வராது.

வாரம் ஒருமுறை நீரில் கால் பங்கை எடுத்துவிட்டுப் புதுநீர் ஊற்ற வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின் மீனையும் நுண்ணுயிரையும் கொல்லும். நீரை ஒருநாள் வாளியில் காற்றுக் குமிழியுடன் வைத்தால் குளோரின் அகலும். குளோராமின் கலந்த நீராயின் அவ்வாறு அகலாது. கடையில் விற்கும் நீக்கும் மருந்தையே பயன்படுத்தல் வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் கழுவுவது பலரும் செய்யும் பிழை. அரும்பாடுபட்டு வளர்த்த நுண்ணுயிர் யாவும் அந்நொடியே மடியும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அதனை அலசுங்கள். மின்சாரம் நெடுநேரம் நின்றுபோனால் அன்று இரை போடாதீர்கள். மின்சாரம் வந்ததும் அவ்வாறே பஞ்சை அலசிய பின்னர் வடிகட்டியை இயக்குங்கள்.

தோட்ட மக்களுக்குச் சிறப்பாகச் சில சொல்ல வேண்டும். களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி தெளித்துவிட்டு வந்த கையோடு தொட்டியைத் தொடாதீர்கள். குளித்து உடைமாற்றிய பின்னரே தொடுங்கள். கொசு மருந்துப் புகை அடிக்கும் நாளில் காற்றுப் பம்பை நிறுத்தித் தொட்டியை ஈரத் துணியால் மூடி, புகை கலைந்தபின் திறந்து உடனே பம்பை இயக்குங்கள். மனிதனுக்குத் தீங்கு தராத அளவு மருந்தும் மீனைக் கொல்லும். நீர் நிறுத்தி வைக்கும் வாளியை வலையால் மூடுங்கள். மீனற்ற தொட்டியை நீரோடு புழைக்கடையில் போட்டுவைத்தால் அங்கே ஏடிஸ் கொசு பெருகும்; டிங்கிக் காய்ச்சல் வீடு தேடி வரும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க 1975ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டுள்ளதையும் நினைவிற் கொள்க.

வாயே தொட்டிலாகும் விந்தை

நீர் நலமாக இருந்தால் மீன்கள் தாமே இனம் பெருக்கும். பெண் எம்பூனா முட்டையிட்டவுடன் அவற்றைத் தன் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். ஏறத்தாழ மூன்று வாரம் இரை தின்னாமல், தாடை உப்பிய நிலையில் சுமந்து திரிந்து, குஞ்சுகள் நீந்தத் தொடங்கியபின் அவற்றை வெளிவிடும். மொசாம்பிக் திலாப்பியாவும் இவ்வாறே செய்யும். இரையைத் தொடாத மீனுக்கு நோய் என்று எண்ணி மருந்து ஊற்றிவிடாமல், முதலில் அதன் தாடையைப் பாருங்கள்.

ஆற்றில் விடலாகாது

மீன் பெருகும்போதும், வீடு மாறும்போதும், வளர்ப்பதில் சலிப்பு ஏற்படும்போதும் சிலர் மீன்களை ஆற்றிலோ குட்டையிலோ விட்டுவிடுகின்றனர். கொல்ல மனமின்றி, புண்ணியம் எனக் கருதியே செய்கின்றனர். இது புண்ணியமன்று.

இம்மீன்களின் தாயகத்தில் நிகழ்ந்ததே இதற்குச் சான்று. உணவுக்கும் வருவாய்க்கும் உதவும் எனக் கருதி 1950களில் விக்டோரியா ஏரியில் நைல் பெர்ச் என்னும் பெருமீன் விடப்பட்டது. 1980களில் அது அளவின்றிப் பெருகியது. அது தின்றமையாலும், நீர் மாசுபட்டமையாலும், உலகில் வேறெங்கும் இல்லாத சிக்லிட் வகைகளுள் ஏறத்தாழ இருநூறு அங்கே மறைந்திருக்கும் என அறிஞர் கணிக்கின்றனர். பல்லாயிரம் ஆண்டு வாழ்ந்த இனங்கள் ஒரு மனிதத் தலைமுறைக்குள் அழிந்தன.

நம் நாட்டிலும் இது தொடங்கிவிட்டது. தொட்டியின் பாசியைத் தின்னும் என வாங்கப்பட்ட 'ஈக்கான் பண்டாராயா' இன்று லங்காட், கிள்ளான் ஆறுகளில் நிறைந்துள்ளது. தென் அமெரிக்க சிக்லிட் ஆகிய மயில் மீன் ஈயக்குட்டைகளில் பெருகி, நம் நாட்டுச் சிறுமீன்களை விழுங்குகின்றது. ஆற்றுமீனை நம்பி வாழ்வோரின் உலையில் இது மண்ணள்ளிப் போடுவதாகும். வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். நண்பர்க்கோ பள்ளிக்கோ வழங்குங்கள். தொட்டி நீரையும் ஆற்றிலோ ஓடையிலோ கொட்டாமல் வாழை மரத்தடியில் ஊற்றுங்கள். அதிலுள்ள நைட்ரேட் அம்மரத்திற்கு உரமாகும்.

சில வாரம் கழித்து அதே தோட்டத்திற்கு நாம் மீண்டும் சென்றோம். தொட்டியில் அப்போதும் மீன் இல்லை. வடிகட்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அருகே மாட்டியிருந்த நாட்காட்டியில் சிறுவன் நாள்தோறும் கோடு போட்டு, அதன் கீழே சோதனை அளவையும் குறித்து வந்திருந்தான். "நைட்ரைட் இன்னும் கொஞ்சம் இருக்கு சார். அது போனதுக்கப்புறம்தான் அப்பா மீன் வாங்கணும்" என்றான். பாட்டியும் மறுப்பின்றித் தலையசைத்தார்.

வாசகர்களும் இவ்வாறே பொறுமையோடு தொடங்குவார்களாக. முதலில் நீர், பின்னர் மீன். இம்முறையைக் கைக்கொண்டால் உங்கள் இல்லத் தொட்டி பல்லாண்டு உயிர்த்திருக்கும்.